உண்மை நகல்

மூடியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி ஏறினோம். கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார் இது, தொட்டிலா?”

“கார் மூடி.”

“பானெட்டா?”

“இல்ல, பின்னாடி வர்றது. டிக்கி மாதிரி இருக்கும், ஆனா உள்ள இன்ஜின்.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. லக்கேஜுக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். இன்ஜினைப் பின்னால் வைத்துக்கொண்டு அலைகிறவர்களிடம் அவரும்தான் என்ன பேசுவார்?

கார் என் நண்பனுடையது. அண்ணாமலை நகரில் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள் நாங்கள். அவன் படிப்பு முடிந்து கப்பலுக்குப் போனான், இன்ஜின் அறையிலேயே தலை நரைத்தான், ஓய்வு பெற்றதும் சிதம்பரத்துக்கே திரும்பி வந்தான். வந்த கையோடு வாங்கியது இந்தக் கார். 1954-ல் வந்த போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். செய்தது வெளிமாநிலத்துப் பட்டறை ஒன்று. அடியில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், மேலே ஃபைபர் உடம்பு. பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர், 356-க்கு 2,100. நடுவில் ஓர் அடி நீளத்தை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டு வைத்து, மேலே உடம்பைக் கவிழ்த்தால் ஆயிற்று. அசலும் பீட்டிலுக்கு அந்நியம் இல்லை. பீட்டில், ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்தது. அவர் மகன் ஃபெரி 1948-ல் அதன் பாகங்களை வைத்துத்தான் முதல் 356-ஐக் கட்டினார். ஆக, நகலும் அசலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இதை என் நண்பன் அடிக்கடி சொல்வான், யாரும் கேட்காதபோதும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கவில்லை. ஆனித் தேர் முடிந்து மூன்றாவது வாரம், ஒரு ராத்திரி, அவன் வீட்டுக் கொல்லையில் தென்னை மட்டை ஒன்று காரின் பின்புறம் விழுந்தது. காலையில் பார்த்தால் இன்ஜின் மூடியின் இடது கீல் பிடித்திருக்கும் மூலையிலிருந்து நடுவில் இருக்கிற கிரில் வரை ஒரு விரிசல். கீல் போல்ட் ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கண்ணாடி நூல், உடைந்த தேங்காய் மட்டையின் நார் மாதிரி.

உள்ளூர் டிங்கர் ஒருவர் தகரத்தில் புதுசே அடித்துத் தருகிறேன் என்றார். கிரில் வேண்டாம், மழைத் தண்ணீர்தானே இறங்கும், மூடிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். நண்பன் பதறிவிட்டான். அந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றில் குளிர்கிற ரகம். உள்ளே இருக்கும் விசிறி, மூடியிலுள்ள கிரில் வழியாகத்தான் வெளிக்காற்றை இழுத்து சிலிண்டர்கள் மேல் அடிக்கிறது. மூடி என்று பெயரே ஒழிய, வேலையைப் பார்த்தால் அது மூக்கு. பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்று சிதம்பரத்தில் பிறந்த குழந்தைக்கும் சொல்லித் தருவார்கள். கூரையில் மூச்சை எண்ணி வைத்த ஊரில் இருந்துகொண்டு மூச்சை அடைக்கச் சொல்கிறாரே என்று நண்பன் அன்று முழுக்கப் புலம்பினான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் பார்த்தோம். 356-க்கான மூடி புதிதாக இன்றும் கிடைக்கிறது. அசல் கார் வைத்திருப்பவர்களும் மூடி துருப்பிடித்துப் போனால் இந்தப் புது மூடியைத்தான் வாங்கிப் போடுகிறார்கள். அதாவது, அசல் காருக்கு நகல் மூடி. ஆனால் அது எங்கள் காருக்குப் பொருந்தும் என்று விற்கிறவர் யாரும் உறுதி சொல்லவில்லை. ஃபைபர் உடம்பை மோல்டிலிருந்து எடுக்கும் நாளின் வெயிலுக்கும், எடுக்கிறவனின் அவசரத்துக்கும் ஏற்ப இரண்டு மில்லிமீட்டர் இப்படி, மூன்று அப்படி என்று வளையும். ஒரே மோல்டில் பிறந்த இரண்டு வண்டியின் மூடிகளை மாற்றிப் போட்டால்கூட உட்காராது.

இதைக் கேட்டபோதுதான் நண்பன் தன் மனக்குறையைச் சொன்னான். அசல் 356-க்கு உடம்பு கட்டியது ஸ்டுட்கார்ட்டில் இருந்த ராய்ட்டர் என்ற நிறுவனம். அங்கும் கைவேலைதான். கதவையும் மூடியையும் ஒவ்வொரு உடம்புக்கும் தனித்தனியாகத் தேய்த்து, ஈயம் நிரப்பி, இடைவெளி சரிபார்த்து உட்கார வைப்பார்கள். வைத்தபின் பெயின்ட் அடிக்கக் கழற்றினால் எது எந்த உடம்புக்கு என்று குழம்பக் கூடாதே. அதற்காக அந்தந்தக் காரின் சேசிஸ் நம்பரில் கடைசி இலக்கங்களை மூடியின் உள்பக்கத்தில் அடித்து வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் கார்களை வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். அது சேசிஸ் நம்பரோடு ஒத்துப்போனால் விலை கூடும்.

“நம்ம மூடில என்னடா இருக்கு? உள்பக்கம் சாம்பல் பெயின்ட். அவ்வளவுதான்” என்றான்.

இந்த ஏக்கம் எனக்கு விளங்காமல் இல்லை. கார் வாங்கியதிலிருந்து அவனை எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, “ஒரிஜினலா சார்?” பெட்ரோல் பங்கில், கீழ வீதியில் டீ குடிக்கும்போது, கல்யாண மண்டப வாசலில். அவன் இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க மாட்டான். பீட்டில் கதை, ஒரு அடி அறுத்த கதை, ஒரே வயிற்றுப் பிள்ளைக் கதை எல்லாம் வரும். கேட்டவர் முகத்தில் பாதியிலேயே சுவாரஸ்யம் போய்விடும். ஒருமுறை கேட்டவர், “அப்ப டூப்ளிகேட்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அன்று இவன் சாப்பிடவில்லை.

நான் படித்த காலத்தில் அண்ணாமலை நகரில் டீக்கடைக்கு இணையாக ஜெராக்ஸ் கடைகள் இருந்தன. மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கெஜட்டட் ஆபீசர் யாராவது வீட்டில் இருக்கிறாரா என்று அலைவோம். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, ‘உண்மை நகல்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்துத் தருவார். அந்த இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதில் அப்போது எனக்கு எந்த வியப்பும் இருந்ததில்லை. வேலை கிடைத்தால் போதும் என்ற வயது. இப்போது யோசித்தால், எவ்வளவு துணிச்சலான சொல்! தான் நகல் என்று ஒத்துக்கொள்கிறது, அதே மூச்சில் உண்மை என்றும் சொல்கிறது.

நம் சாலைகளில் ஓடியவற்றில் எத்தனை நகல்கள்! அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அங்கே அது மறந்து போனபின் இங்கே 2014 வரை செய்தார்கள். புல்லட்டின் கதை இன்னும் விசேஷம். 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டு வைத்து, பிறகு திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய வண்டி. 1970-ல் இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். திருவொற்றியூர் நிறுத்தவில்லை. இன்று புல்லட் என்றால் எது அசல்? மஹாராஷ்டிரத்தில் சின்காரா மோட்டார்ஸ் என்ற சிறு நிறுவனம் 1957-ன் லோட்டஸ் செவன் வடிவத்தில் ஃபைபர் உடம்போடு ஒரு ரோட்ஸ்டரைக் கட்டியது. அதற்குள் உறுமியது அம்பாசிடரில் வந்த 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின். லோட்டஸின் தோலும் அம்பாசிடரின் நெஞ்சும். எனக்கு அந்த வண்டி மேல் தனி மரியாதை உண்டு. அது எதையும் மறைத்ததில்லை.

கடலூர் முதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் சிங்காரத்தோப்புப் பக்கம் போனோம். அங்கே ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிற ஒருவரைப் பற்றி மீன் வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். இந்தக் கரையில் ஒரு காலத்தில் கட்டுமரங்கள்தான். கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரப் போடுவார்கள், மறுநாள் மறுபடி கட்டுவார்கள். ஒரு மரம் ஊறிப் போனால் அதை மட்டும் மாற்றுவார்கள். எல்லா மரமும் மாறிய பிறகும் அது அப்பன் காலத்துக் கட்டுமரம்தான். அதில் யாருக்கும் தத்துவச் சிக்கல் வந்ததாகத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26-ன் சுனாமி கட்டுமரம், போட்டு, ஆள் என்று பாராமல் கொண்டுபோனது. அதன் பிறகு நிவாரணமாய் ஃபைபர் போட்டுகள் வந்து இறங்கின. அவசரத்தில் செய்தவை பல. கொடுத்தவர்கள் பெயர் பக்கவாட்டில் பெரிதாக இருக்கும், உள்ளே கண்ணாடி நூல் மேட் அடுக்கு குறைவாக இருக்கும். அந்தப் போட்டுகளைக் கடலில் நிற்க வைத்தது, கொடுத்த கைகளைவிட, அதற்கப்புறம் வருடா வருடம் ஒட்டுப் போட்ட கைகள்தான்.

நாங்கள் தேடிப் போன ஒட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை ரெசின் காய்ந்து செதில் செதிலாய் இருந்தது. வேட்டியைப் பிரித்து மூடியைக் காட்டினோம். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்த்தார். கீல் இருந்த ஓட்டையில் விரலை விட்டார்.

“கட்டை வைக்காம வெறும் ஃபைபர்லயே போல்ட்டு போட்டிருக்கான் சார். மட்டை விழுகலன்னாலும் இது போயிருக்கும். போட்ல இன்ஜின் மாட்டுற எடத்துல உள்ள பலகை வெச்சுதான் ஒட்டுவோம். இல்லன்னா கடலுக்குள்ள போயி இன்ஜின் தனியா, போட்டு தனியா.”

“சரி பண்ணிடலாமாண்ணே?”

“பண்ணலாம். வண்டி எங்க?”

“வண்டி சிதம்பரத்துல இருக்கு. மூடிதானே உடைஞ்சிருக்கு?”

அவர் எங்களை ஏதோ பரீட்சையில் தோற்ற பையன்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஜாடி இல்லாம மூடி செய்யச் சொல்றீங்களே. தரையில வெச்சு ஒட்டுனா தரைக்குத்தான் பொருந்தும்.”

அவர் சொன்னதில் விஞ்ஞானமும் இருக்கிறது. ரெசின் இறுகும்போது சூடாகும், கொஞ்சம் சுருங்கும். மூடியைத் தனியாக வைத்து ஒட்டினால் சுருங்குகிற பக்கம் இழுத்துக்கொண்டு முறுக்கும். அதனால் காரின் மேல் உட்கார வைத்து, இடைவெளிகளைச் சரிபார்த்து, கிளாம்ப் போட்டுப் பிடித்து, அந்த நிலையிலேயே முதல் அடுக்கை இறுக விட வேண்டும். ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது விஞ்ஞானம் இல்லை, பழமொழி. ஜாடிக்கேற்ற மூடி என்று ஆயிரம் கல்யாணங்களில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். ஜாடிக்கு ஏற்ற மூடி எங்கோ முன்பே தயாராக இருப்பதாகவும், தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்றும் நினைத்திருந்தேன். இந்த மனுஷர் வேறு சொல்கிறார். மூடி கிடைப்பதில்லை. ஜாடியின் மேல் வைத்து, வைத்து, தேய்த்து ஆக்குவது. ராய்ட்டரில் ஈயம் தேய்த்த ஜெர்மன்காரனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

மூடியைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினோம். இந்த முறை கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை. பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தேன். மற்ற ஊர்களில் மூலவர் பெரும்பாலும் கருவறையை விட்டு வருவதில்லை. வீதிக்கு வருவது உற்சவர், மூலவருக்குப் பதிலாக வருகிறவர். சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே தேரேறி வருகிறார். பதில் ஆள் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் படையெடுப்புக்கு அஞ்சி அவரைக் குடுமியான்மலைக்கும் மதுரைக்கும் கொண்டுபோய்ப் பாதுகாத்து, 1686-ல் திரும்ப அழைத்துவந்தார்கள். ஏறக்குறைய 38 ஆண்டுகள். அசல் என்றால் இந்த ஊருக்கு அப்படி ஒரு பிடிவாதம். இந்த ஊரில் நகல் காரை ஓட்டுகிறவனுக்குச் சாப்பாடு இறங்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே ஆடலரசனின் இன்னொரு கதையும் நினைவுக்கு வந்தது. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சோழர் கால நடராஜர் கிடைத்தார். 1950-களின் நடுவில் சிலையைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். பழுதுபார்க்கப் போன இடத்தில் அச்சு அசலாக ஒரு நகல் வார்க்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது அந்த நகல். அசல் கை மாறி, கடல் கடந்து, 1973-ல் அமெரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். கோயிலில் இருப்பது நகல் என்று பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965-லேயே எழுதிவிட்டிருந்தார். வழக்கு, சமரசம் எல்லாம் நடந்து 1986-ல் சிலை இந்தியாவுக்கு வந்தது.

தச்சனின் பெஞ்சிலிருந்து மருத்துவமனை மேஜை வரை, பழுதுபார்க்கக் கொடுப்பது என்பது நம்பி ஒப்படைப்பது. சிவபுரத்தில் உடைந்தது அந்த நம்பிக்கை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நகல் சிலையின் மேல் எரிச்சல் வரும். அன்று வரவில்லை. அந்தச் சிலை என்ன தப்பு செய்தது? அதற்கும் எண்ணெய் சாத்தினார்கள், பூப் போட்டார்கள், யாரோ ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று அதன் முன் நின்றிருப்பாள். அவள் கண்ணீர் நகலா? குற்றம் வார்ப்பில் இல்லை. வார்த்ததை வேறொன்றாகச் சொன்னதில் இருக்கிறது. அதே சிலையை, ‘இது நகல், மூலத்தைப் பார்த்துச் செய்தது’ என்று சொல்லிக் கோயிலில் வைத்திருந்தால் அதன் மேல் கறையே இல்லை. பச்சை மை அதற்குத்தான். தாள் அசலா என்று அந்தக் கெஜட்டட் ஆபீசர் சொல்லவில்லை. நான் அசலைப் பார்த்தேன், இது அதோடு ஒத்துப் போகிறது, இதற்கு நான் ஜவாப்தாரி என்று ஒரு மனுஷன் பெயர் போட்டுக் கொடுத்தான். நகலை உண்மையாக்குவது வம்சம் இல்லை, ஜவாப்தாரி.

இன்னொன்றும் தோன்றியது. காரின் வளைவு, விளக்கு, கிரில் எல்லாம் வேறொன்றைப் பார்த்துச் செய்தவை. அந்த விரிசல் மட்டும் எதையும் பார்த்து வந்ததில்லை. உலகத்தில் வேறெந்த ஸ்பீட்ஸ்டருக்கும் சிதம்பரத்துத் தென்னை மட்டையால் அந்த இடத்தில் காயம் பட்டிருக்காது. ஒட்டும் அப்படியே. காயம் பட்ட இடத்தில்தான் நகல், நகலாக இருப்பதை நிறுத்துகிறது. மனிதர்களிலும் நான் பார்த்திருக்கிறேன். அப்பாவைப் போலவே நடந்து, அப்பாவைப் போலவே கணக்கெழுதி, அப்பாவின் நகலாகவே இருந்த ஒருவர், தொழிலில் ஒருமுறை அடிபட்டு எழுந்த பிறகுதான் தன் குரலில் பேசினார்.

மறுநாள் மூடி இல்லாமலே காரை ஓட்டிக்கொண்டு கடலூர் போனோம். 45 கிலோமீட்டர். புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்தது. திறந்த இன்ஜினை எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், “பின்னாடி இன்ஜின்னா முன்னாடி என்னப்பா இருக்கு?” என்றார். பெட்ரோல் டேங்க், ஸ்டெப்னி என்றோம். “தலைகீழாத்தான் போறீங்க” என்றார். ஒரிஜினலா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உள்ளுறுப்பு வெளியே தெரிந்தால் மனுஷர்களுக்கு வேறு கேள்விகள் வந்துவிடுகின்றன.

வேலை இரண்டு நாள் ஆனது. முதலில் மூடியைக் காரில் உட்கார வைத்து, சுற்றிலும் தீப்பெட்டி அட்டைகளைச் சொருகி இடைவெளியைச் சமமாக்கினார். விரிசலைக் கிரைண்டரால் உள்பக்கமிருந்து பள்ளமாகச் செதுக்கினார். மேலே பட்டி பார்த்து மறைத்தால் ஆறே மாதத்தில் விரிசல் திரும்பி வரும், அடியிலிருந்து வந்ததை அடியில்தான் அடைக்க வேண்டும் என்றார். உள்ளங்கை அகலத் துண்டு, அதைவிடப் பெரிய துண்டு, அதற்கும் பெரியது என்று கண்ணாடி மேட்டைக் கிழித்தார், கத்தரிக்கவில்லை. கிழித்த ஓரம்தான் பிடித்துக்கொள்ளுமாம். வெயிலைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்து ஹார்ட்னரை ஊற்றினார். பிரஷ்ஷால் ரெசினைத் தட்டத் தட்ட, பஞ்சு வெள்ளையாக இருந்த மேட் தண்ணீர் பட்ட வேட்டி போல நிறமிழந்து கண்ணாடியாகியது. கீல் வரும் இரண்டு மூலையிலும் கைவிரல் அளவு பலகைத் துண்டை வைத்து அதற்கு மேலும் ஒட்டினார். வாடை மண்டையைத் துளைத்தது. நண்பனுக்கு மட்டும் கப்பல் ஞாபகம் வந்து முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் மூடியைக் கழற்றி மரப்பெஞ்சில் கவிழ்த்துப் போட்டிருந்தார். கடைசி அடுக்கு பாக்கி. பக்கத்தில் போட்டுகளின் ஐஸ் பெட்டி மூடிகள் ஐந்தாறு கிடந்தன. மேட்டை விரித்தவர், காதில் சொருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தார். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மேட்டின் மேல் பெரிதாக எழுதினார்.

“இது எதுக்குண்ணே?” என்றேன்.

“எல்லா மூடிலயும் போட்டுருவேன் சார். மாறிப் போச்சுன்னா எங்காளுங்க அடிச்சிக்குவாங்க. பேனா ஆகாது, ரெசின்ல கரைஞ்சிரும்.”

அந்த மூடி அங்கே வேறு எதற்கும் மாறப் போவதில்லை. நான் நண்பனைப் பார்த்தேன். அவன் பெஞ்சின் மேல் குனிந்திருந்தான். பிரஷ் எண்ணின் மேல் ஓடியது. வெள்ளை கரைந்து போக, பென்சில் கோடு மட்டும் அப்படியே நின்றது.